சைலன்சர் பேக்கிங் மாற்றுவது எப்படி: ஸ்டட் உடையாமல், புகை கசியாமல்

சைலன்சரைக் கழற்றிவிட்டீர்களா? மாட்டும்போது ஹெட்டில் (சிலிண்டரின் தலைப்பகுதியில்) உட்காரும் பேக்கிங், அதாவது கசிவை அடைக்கும் வளையம், புதிதாக இருக்க வேண்டும். பழையது பார்வைக்கு நன்றாக இருந்தாலும், போன மாதம்தான் போட்டது என்றாலும் மாற்றியே ஆக வேண்டும். அந்த வளையம் ஒரே ஒரு முறை நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. நட்டை முறுக்கும்போது மெல்லிய செம்புத் தகடு நசுங்கி, ஹெட்டின் பள்ளத்துக்கும் பெண்ட் பைப்பின் (ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயின்) வாய்க்கும் இடையில் உள்ள மேடு பள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது. நசுங்கிய பிறகு அதில் மீள்தன்மை கிடையாது. மறுபடி போட்டால் பழைய பள்ளங்கள் புதிய இடத்தோடு பொருந்தாது, புகை கசியும்.

நாம் அதிகம் ஓட்டும் 100 முதல் 350 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்த சைலன்சரை வடிக்க, துருப்பிடித்ததைப் பெயின்ட் அடிக்க, ஹெட் வேலைக்காக என்று எந்தக் காரணத்துக்குக் கழற்றினாலும் முறை ஒன்றுதான். தண்ணீர் இன்ஜினுக்குள்ளும் ஏறியிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் நேரே மெக்கானிக்கிடம் போங்கள்.

1. கசிவு பேக்கிங்கில்தானா?

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஹெட் பக்கம் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, வண்டி சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் பேக்கிங்தான். டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்று நினைத்து அதன் இடைவெளியான வால்வு கிளியரன்ஸைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தைச் சுற்றிக் கரிப்பொடி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிப்பதும் இதனால் வரலாம். புகை விட்டுவிட்டுத் தள்ளப்படுகிறது. இரண்டு தள்ளலுக்கு நடுவே அழுத்தம் குறையும்போது அந்த இடுக்கின் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாமல் மிஞ்சிய பெட்ரோலோடு சேர்ந்து உள்ளேயே எரிகிறது.

பி.எஸ்.6 (இப்போதைய புகை விதிப்படி வந்த) வண்டிகளில் விஷயம் இன்னும் மோசம். இப்படி உள்ளே போகும் காற்றை ஆக்சிஜன் சென்சார் அளந்துவிட்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியுவுக்குச் சொல்லும். இசியு பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், சில நேரம் இன்ஜின் விளக்கும் எரியும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் அறிகுறி வேறு: சேரும் இடத்திலிருந்து கறுப்பு எண்ணெய் வழிந்து இன்ஜின் மேல் படியும்.

2. வாங்க வேண்டியவை, கொண்டுபோக வேண்டிய தாள்கள்

கடைக்குப் போகும்போது ஆர்.சி.யின் நகலையோ சேஸிஸ் நம்பரையோ எடுத்துப் போங்கள். ‘ஸ்ப்ளெண்டர் பேக்கிங்’, ‘பல்சர் பேக்கிங்’ என்று கேட்டால் போதாது. ஒரே பெயரில் பல தலைமுறை வண்டிகள் வந்திருக்கின்றன, பி.எஸ்.4க்கும் பி.எஸ்.6க்கும் பைப் மாறியிருக்கலாம். கம்பெனி ஷோரூமில் சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பரை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த நம்பரைக் குறித்துக்கொண்டால் சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையிலோ சரியானதைக் கேட்டு வாங்கலாம். பில் வாங்கி வையுங்கள். அளவு மாறினால் திருப்பிக் கொடுக்க அதுதான் ஆதாரம்.

சாதாரண 100–150 சிசி வண்டிக்கு இந்த வளையம் பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டாக வாங்குங்கள். உட்கார வைக்கும்போது ஒன்று சாய்ந்து நசுங்கினால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடை தேட வேண்டியிருக்காது. 650 ட்வின் போன்ற இரட்டை சிலிண்டர் வண்டிக்கு ஹெட்டில் மட்டுமே இரண்டு வேண்டும்.

கூடவே இவையும் வேண்டும்: துரு இளக்கும் எண்ணெய் ஒரு சிறு டப்பா (இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும்), புதிய நட்டுகள், ஸ்டட் (ஹெட்டில் பதிந்து நிற்கும், நட்டு ஏறும் மரைக்கம்பி) துருவேறியிருந்தால் புதிய ஸ்டட்டுகள், மரைக்குத் தடவும் செம்புப் பசை கொஞ்சம், பித்தளைக் கம்பி பிரஷ், ஆறு முனை சாக்கெட்டும் ராட்செட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடும், அதை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். நைலான் வளையம் வைத்த நட்டையும் இங்கே போடாதீர்கள். முதல் சூட்டிலேயே நைலான் உருகிவிடும்.

வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தொடுங்கள். அந்தக் காலத்தில் இந்த வேலையைச் சர்வீஸ் சென்டரில் செய்து ஜாப் கார்டு வாங்குவதே நல்லது.

நேரக் கணக்கு: பழகிய மெக்கானிக்குக்கு அரை மணி. முதல் முறை செய்பவருக்கு எண்ணெய் ஊறும் ஓர் இரவும், மறுநாள் இரண்டு மணி நேரமும். காலையில் வேலைக்குப் போக வேண்டிய வண்டியை முந்தின நாள் இரவு பிரிக்காதீர்கள்.

3. முந்தின இரவே எண்ணெய்

இந்த வேலையில் செலவு வைப்பது ஸ்டட். சூடும் மழைத்தண்ணீரும் மாறி மாறிப் பட்டு, இரும்பு நட்டு இரும்பு ஸ்டட்டோடு ஒட்டிப்போயிருக்கும். முறுக்கினால் நட்டு வராது, ஸ்டட் முறிந்து பாதி ஹெட்டுக்குள் நின்றுவிடும். நூறு ரூபாய் வேலை ஆயிரங்களுக்குப் போகிற இடம் இதுதான்.

இன்ஜின் நன்றாக ஆறியபின் நட்டைச் சுற்றி வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை உதிருங்கள். பிறகு எண்ணெயை அடியுங்கள். ஒரு மணி கழித்து மறுபடி, படுக்கப் போகுமுன் இன்னொரு முறை. சூடான பைப்பில் அடிக்கக் கூடாது. அந்த எண்ணெய் தீப்பிடிக்கும்.

மறுநாள் எண்ணெயைத் துடைத்துவிட்டு இன்ஜினை ஒரே ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், அதனால் இளஞ்சூட்டில் ஹெட்டுக்குள் ஸ்டட்டின் பிடி தளரும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. மேலே பெட்ரோல் டேங்க் இருக்கும்போது வீட்டில் அதைச் செய்யவே கூடாது.

4. கழற்றும் வரிசை

சென்டர் ஸ்டாண்ட் போட்டு வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஆக்சிஜன் சென்சார் பெண்ட் பைப்பில் இருந்தால் முதலில் அதன் ஒயர் இணைப்பான கப்ளரைப் பிரித்துவிடுங்கள். ஒயர் இழுபட்டால் சென்சாரே போய்விடும். அதன் விலை பேக்கிங்கைப் போலப் பல மடங்கு.

பின்னால் சைலன்சரைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றாமல் தளர்த்த மட்டும் செய்யுங்கள். அடுத்து ஹெட் நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள். கடைசியாக, ஒரு கையால் சைலன்சரைத் தாங்கிக்கொண்டு பின் போல்ட்டை உருவுங்கள். பின் போல்ட்டை முதலில் உருவினால் முழு எடையும் அந்த இரண்டு ஸ்டட்டுகளில் தொங்கும். சில வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட் ராடோ பிரேக் பெடலோ வழியை மறிக்கும், அவற்றை முன்பே இறக்கிவிடுங்கள்.

சில மாடல்களில் பிளாஞ்சுக்குள் (பைப்பை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கும் தகட்டுக்குள்) பாதி வட்டமாக இரண்டு காலர் துண்டுகள் இருக்கும். பைப் வெளியே வரும்போது அவை கீழே விழுந்து உருண்டுவிடும். கீழே ஒரு துணியை விரித்து வையுங்கள்.

5. ஸ்டட் முறுகினால்

நட்டு நகரும்போது கையில் படும் உணர்வைக் கவனியுங்கள். ‘டக்’ என்று விட்டுக்கொடுத்துப் பிறகு சீராகச் சுற்றினால் சரி. ரப்பரைத் திருகுவது போல மெத்தென்று போய், விட்டதும் திரும்பி வந்தால் சுற்றுவது நட்டு அல்ல, ஸ்டட் முறுகுகிறது. அங்கேயே நிறுத்துங்கள். எண்ணெய் விட்டு, கால் சுற்று டைட் பக்கம், கால் சுற்று லூஸ் பக்கம் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். அவசரப்பட்டால் முறிந்துவிடும்.

நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஹெட்டில் உள்ள மரையைச் சுத்தம் செய்து புதிய ஸ்டட்டைப் போடலாம். இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, வெளி நட்டைத் திருகினால் ஸ்டட் உள்ளே போகும்.

உடைந்துவிட்டால், மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டியிருந்தால் வெல்டர் ஒருவர் அதன்மேல் நட்டு வைத்துப் பற்றவைத்துத் திருகி எடுத்துவிடுவார். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், டேங்கை இறக்கி வையுங்கள். ஹெட் மட்டத்தில் உடைந்திருந்தால் நீங்களே டிரில் பிடிக்காதீர்கள். இரும்பு ஸ்டட்டைத் துளைக்கப்போன டிரில் பிட் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத் தின்றுவிடும். லேத் பட்டறையில் நடுவில் துளைத்து எடுத்து, மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புதிய மரை தரும் கம்பிச்சுருள்) போட்டுத் தருவார்கள். பெரும்பாலும் ஹெட்டையே கழற்றிக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

6. பழைய பேக்கிங்கைத் தோண்டி எடுப்பது

புதியவர்கள் தவறுவது அதிகம் இங்கேதான். சைலன்சரைக் கழற்றியதும் ஹெட்டின் துளையைப் பார்த்துவிட்டு, ‘இதில் பேக்கிங்கே இல்லை’ என்று புதியதை வைத்துவிடுகிறார்கள். பழையது உள்ளேதான் இருக்கிறது. நசுங்கி, கரி பூசி, ஹெட்டின் ஒரு விளிம்பு போலவே தெரியும். அதன்மேல் இன்னொன்றை வைத்தால் பைப் நேராக உட்காராது, எவ்வளவு முறுக்கினாலும் கசியும். சில நேரம் பிளாஞ்சே வளைந்துவிடும்.

டார்ச் அடித்துத் துளையின் அடிப்பள்ளத்தைக் கூரான கம்பியால் மெல்லக் கீறிப் பாருங்கள். கரிக்கு அடியில் செம்பு நிறம் மின்னினால் அது பேக்கிங். அலுமினியம் என்றால் வெள்ளையாகத் தெரியும். பைப்பின் வாயிலும் பாருங்கள், சில நேரம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

எடுக்கும் முன் இரண்டு காரியங்கள். ஒன்று, எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் வால்வு திறந்து மூடுவது துளை வழியாகத் தெரியும். மூடிய நிலையில் நிறுத்துங்கள். இரண்டு, துளைக்குள் ஒரு துணியைத் திணியுங்கள், வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிளக்கை உடனே திரும்ப மாட்டிவிடுங்கள். கரித்துண்டு வால்வு சீட்டில் மாட்டினால் கம்ப்ரஷன் போய்விடும்.

கொக்கி போல வளைந்த கூர்முனையோ சின்ன தட்டை ஸ்க்ரூ டிரைவரோ எடுத்து, வளையத்தின் உள்விளிம்பை ஓரிடத்தில் மையத்தை நோக்கி மடியுங்கள். அந்த ஓரிடம் மடிந்தால் வளையத்தின் பிடி விட்டுப்போய், மூக்குப் பிளையரால் பிடித்து இழுக்க முழுதாக வந்துவிடும். வெளிவிளிம்பில் நெம்பாதீர்கள். ஹெட் மென்மையான அலுமினியம். அதில் விழும் ஒரு கீறல், எத்தனை புதிய பேக்கிங் போட்டாலும் கசிவுக்கு வழி வைக்கும்.

பழைய வண்டிகளின் வளையத்துக்குள் ஆஸ்பெஸ்டாஸ் நிரப்பி இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துப் பொடியாக்கி ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து எடுத்து, பாலித்தீன் பையில் கட்டிப் போடுங்கள்.

பள்ளத்தைப் பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம். பைப்பின் வாயையும் எமரி ஷீட்டால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். முடிந்ததும் துணியை எடுத்துவிடுங்கள். மறந்துபோகிறவர்கள் இருப்பதால்தான் வாலை வெளியே விடச் சொன்னேன்.

7. புதியதை உட்கார வைப்பது

புதிய வளையத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிவிட்டம் ஒத்துப்போக வேண்டும். தடிமன் ஒத்துப்போகாது, பழையது நசுங்கியது. உள்விட்டம் ஹெட்டின் துளையைவிடச் சிறியதாக இருந்தால் புகையின் பாதையில் உதடு போல நீட்டிக்கொண்டு நிற்கும், அது தவறான அளவு.

துளை முன்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்திருப்பதால் வளையம் நழுவி விழும். மூன்று இடத்தில் கடுகளவு கிரீஸ் தொட்டு ஒட்டிவையுங்கள். முதல் ஓட்டத்தில் அது எரிந்து போய்விடும். சிவப்பு சிலிக்கான் பேஸ்ட்டை இங்கே பூசாதீர்கள். அது தாங்கும் சூடு 300 டிகிரிச் சொச்சம், துளை வாயில் வரும் புகையின் சூடு அதைத் தாண்டும். அது கருகி உதிர்வது ஒரு பக்கம் இருக்க, சிலிக்கான் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும்.

‘பழைய செம்பு வளையத்தைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும்’ என்று சிலர் சொல்வார்கள். கெட்டிச் செம்பு வாஷருக்கு அது உண்மை. இது உள்ளே கூடாக மடித்துச் செய்த வளையம். காய்ச்சினால் செம்பு இளகும், போன தடிமன் திரும்பாது.

8. முறுக்கும் வரிசை

சரியான பேக்கிங் போட்டும் கசிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இந்தப் படிதான். பின் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு ஹெட் நட்டுகளை முறுக்கினால், பைப் ஒரு பக்கம் இழுபட்டு வளையம் சாய்வாக நசுங்கும். சாய்ந்து நசுங்கியதை நிமிர்த்த முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

சைலன்சரைத் தூக்கிப் பைப்பின் வாயை வளையத்தில் வையுங்கள். காலர் துண்டுகள் இருந்தால் அவற்றை ஒழுங்காக உட்கார வைத்து, பிளாஞ்சைத் தள்ளி, நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். மரையில் செம்புப் பசை லேசாக இருந்தால் அடுத்த முறை கழற்ற இவ்வளவு பாடுபட வேண்டியிருக்காது. பின் போல்ட்டையும் கையால் ஏற்றி விடுங்கள். இப்போது சைலன்சரை மெல்ல ஆட்டினால் எல்லாம் தன் இடத்தைத் தேடி அமரும்.

இந்த நேரத்தில் ஹெட்டுக்கும் பிளாஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குனிந்து பாருங்கள். முறுக்கும் முன் அங்கே இடைவெளி இருக்கத்தான் வேண்டும். இப்போதே பிளாஞ்ச் ஹெட்டைத் தொட்டுவிட்டால் வளையம் மெல்லியதாக இருக்கிறது, அது நசுங்கவே போவதில்லை.

பிறகு ஒரு நட்டுக்கு அரைச் சுற்று, அடுத்ததற்கு அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை) இரு பக்கமும் நுழைத்துப் பாருங்கள். கடைசி முறுக்கு எவ்வளவு என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடுதான் அளவுகோல். பொதுவாக எம்6 (6 மி.மீ.) ஸ்டட்டுக்கு 10 நியூட்டன்-மீட்டர் வட்டாரத்திலும், எம்8 ஸ்டட்டுக்கு 20 வட்டாரத்திலும் இருக்கும். பசை தடவிய மரை சுலபமாக ஓடும், அதனால் கையேட்டில் கொடுத்திருக்கும் அளவின் கீழ் எல்லையிலேயே நிறுத்துங்கள். டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பானர்) இல்லையென்றால் இந்தக் கணக்கு உதவும்: 15 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் ஏறத்தாழ 7 கிலோ எடை தொங்கினால் 10 நியூட்டன்-மீட்டர். நீங்கள் நினைப்பதைவிட இது குறைவான பலம். ஸ்பானரில் பைப் சொருகி நீட்டி முறுக்கினால் ஹெட்டின் மரை பிய்ந்து வரும்.

ஹெட் முடிந்த பிறகுதான் பின் போல்ட். பின் துளை நேராக வரவில்லை என்றால் கம்பியால் நெம்பிச் சேர்க்காதீர்கள். ஹெட் நட்டுகளைத் தளர்த்தி மறுபடி உட்கார வையுங்கள்.

9. பெண்ட் பைப் தனியாக உள்ள வண்டிகள்

ஸ்ப்ளெண்டரில் பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒரே துண்டு. புல்லட், கிளாசிக் போன்றவற்றில் தனித்தனி, நடுவில் கிளாம்ப் இருக்கும். அந்த இணைப்பைப் பிரித்தால் அங்குள்ள கிராஃபைட் வளையத்தையும் மாற்றுங்கள். விரலால் தொட்டாலே உதிரும் பொருள் அது. முறுக்கும் வரிசை: ஹெட், பிறகு நடு கிளாம்ப், கடைசியில் பின் போல்ட்.

10. சோதித்துப் பார்ப்பது

குரோம் பைப் என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் கைரேகை, கிரீஸ் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். சூட்டில் ரேகை அப்படியே பதிந்துவிட்டால் போகாது. சென்சார் கப்ளரை மாட்டிவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

திறந்த வெளியில் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் லேசாகப் புகைவது கிரீஸும் எண்ணெயும் எரிவதுதான். பைப் சூடாகும் முன்பே சோப்புத் தண்ணீரைச் சேரும் இடத்தில் தெளித்தால், கசிவிருந்தால் குமிழி வரும். பெட்ரோல் வாடை எதுவும் இல்லை என்றால் ஊதுபத்தியை அருகில் பிடித்தும் பார்க்கலாம். நேராக ஏறும் புகை ஓரிடத்தில் வெட்டி வெட்டிச் சிதறினால் கசிவு அங்கேதான். நனைத்த கனமான துணியால் சைலன்சர் வாயை இரண்டு மூன்று விநாடி பாதி மூடினால் கசிவின் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு நட்டுகளை அதே அளவுக்கு மறுபடி சரிபாருங்கள். முதல் சூட்டில் வளையம் இன்னும் கொஞ்சம் அமர்ந்திருக்கும், கால் சுற்றுக்குள் ஏறலாம். சூடாக இருக்கும்போது முறுக்காதீர்கள். 100 கி.மீ. ஓடியபின் இன்னொரு முறை பாருங்கள்.

11. சைலன்சரையே மாற்றினால்

பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளின் சைலன்சர் தொகுதிக்குள் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் உண்டு. ஆகவே கடையில் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். கன்வெர்ட்டர் இல்லாத, சத்தம் அதிகமான பைப்பைப் போட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். ஒரிஜினல் சைலன்சரே போட்டாலும் பார்ட் நம்பர் உள்ள பில்லை வண்டித் தாள்களோடு வையுங்கள்.

பி.யூ.சி. (புகை மாசு) சோதனைக்குப் போகும் வேலை இருந்தால் பேக்கிங்கை மாற்றி, 100 கி.மீ. சரிபார்ப்பையும் முடித்துவிட்டுப் போங்கள். கசிவு வழியாக உள்ளே வரும் காற்று புகையோடு கலந்து அளவீட்டைத் தப்பாகக் காட்டும். சோதனையின்போது ஹெட் பக்கம் ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால், கட்டணம் கட்டும் முன் திரும்பிவந்து நட்டுகளைப் பாருங்கள்.